விண்கலக் குழுவினர்: கடமையும் தகுதியும்

நுழையும்முன்

விண்வெளிப் பயணம் என்றதும் தழலை உமிழ்ந்தபடி மேலெழும் ஏவூர்தியும், நிலவின் மண்ணில் பதிந்த காலடித் தடமும் நம் நினைவுக்கு வருகின்றன. அக்காட்சிகளுக்குப் பின்னால் பல ஆண்டுக்காலப் பயிற்சியும், தெளிவாகப் பகுக்கப்பட்ட பணிகளும் உள்ளன. விண்கலத்தில் செல்வோர் யாவர்? அங்கே ஒவ்வொருவரும் என்ன செய்கின்றனர்? அப்பணிக்கு வேண்டிய தகுதிகள் எவை? உண்மை நிகழ்வுகளின் வழியே இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இக்கட்டுரை.

ஒரு நோயும் ஒரு மாற்றமும்

1970ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், மூவரைச் சுமந்துகொண்டு அப்போலோ 13 விண்கலம் நிலவை நோக்கிப் புறப்பட்டது. புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்னர்க் குழுவில் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. மாற்றுக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை கண்டது. அவரோடு பழகிய முதன்மைக் குழுவினரை மருத்துவர்கள் சோதித்தனர். கட்டளைக்கல விமானியான கென் மேட்டிங்லிக்கு அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் உடலில் இல்லை என்று தெரியவந்தது. பயணத்தின் நடுவே அவர் நோயுற்றால் மூவரின் உயிருக்கும் இடர் நேரும் என்பதால், அவருக்கு மாற்றாக ஜாக் ஸ்விகெர்ட் சேர்க்கப்பட்டார். தலைவர் ஜிம் லோவெல், நிலவுக்கல விமானி ஃபிரெட் ஹைஸ் ஆகியோர் அவருடன் சென்றனர்.

ஏப்ரல் 13ஆம் நாள், புவியிலிருந்து 3,20,000 கிலோமீட்டருக்கும் அப்பால், கலத்தின் ஆக்சிஜன் கொள்கலன் ஒன்று வெடித்தது. கட்டளைக்கலத்துக்கு மின்னாற்றலும் உயிர்க்காற்றும் தரும் அமைப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. நிலவில் இறங்கும் திட்டம் கைவிடப்பட்டது. இருவரை ஏறத்தாழ 45 மணி நேரம் தாங்குமாறு அமைக்கப்பட்ட சிறிய நிலவுக்கலமே, மூவருக்கும் நான்கு நாள்கள் உயிர்காக்கும் படகாயிற்று. அவர்கள் குளிரில் நடுங்கினர். குடிநீரை அளந்து குடித்தனர். மூச்சில் வெளிப்படும் கரியமில வாயு கலத்துக்குள் பெருகத் தொடங்கியது. அதனை உறிஞ்சும் பெட்டிகள் கட்டளைக்கலத்தில் சதுர வடிவிலும், நிலவுக்கலத்தில் வட்ட வடிவிலும் இருந்தன. தரையிலிருந்த பொறியாளர்கள் நெகிழிப்பை, அட்டை, ஒட்டுநாடா, விண்வெளி உடையின் குழாய் ஆகியவற்றைக்கொண்டு சதுரப் பெட்டியை வட்டத் துளையோடு இணைக்கும் வழியைக் கண்டறிந்து சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் அதனைக் கேட்டபடி அவ்வாறே செய்து முடித்தனர்.

திரும்பும் வழியில் கலத்தின் பாதையைச் சிறிது திருத்த வேண்டியிருந்தது. மின்னாற்றலைச் சேமிப்பதற்காகக் கணினி நிறுத்தப்பட்டிருந்தது. கலம் திசை மாறாதிருக்கும்படி லோவெலும் ஹைசும் கட்டுப்பாடுகளைப் பகிர்ந்து இயக்கினர். இயந்திரம் எரிய வேண்டிய நொடிகளை ஸ்விகெர்ட் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டார். ஒரே பணி மூவரின் கைகளில் பகிர்ந்து நின்றது. ஏப்ரல் 17ஆம் நாள் மூவரும் பசிபிக் பெருங்கடலில் பாதுகாப்பாக வந்திறங்கினர்.

இந்நிகழ்வில் கூர்ந்து நோக்க வேண்டிய செய்திகள் இரண்டு. சில நாள்களே இருந்த நிலையிலும் ஒருவருக்கு மாற்றாக இன்னொருவர் அப்பணியை ஏற்க முடிந்தது. ஏனெனில் மாற்றுக் குழுவினரும் முதன்மைக் குழுவினர் பெறும் பயிற்சி முழுவதையும் பெற்றிருந்தனர். பயணத்திலிருந்து நீக்கப்பட்ட மேட்டிங்லியோ வருந்தி ஒதுங்கிவிடவில்லை. மிகக் குறைந்த மின்னாற்றலைக்கொண்டு கட்டளைக்கலத்தை மீண்டும் இயக்கும் படிநிலைகளை வகுப்பதில் அவர் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தாருடன் சேர்ந்து உழைத்தார். அவருக்குத் தட்டம்மை வரவே இல்லை. 1972இல் அப்போலோ 16 கலத்தில் அவரும் நிலவை வலம்வந்தார்.

தம் பணியைப் பிழையின்றிச் செய்யும் ஆற்றலோடு விண்கலக் குழுவினரின் தகுதி நிறைவு பெறுவதில்லை. அருகில் இருப்பவரின் பணியையும் அறிந்திருத்தல், அவர் உயிருக்குத் தாமும் பொறுப்பு என உணர்தல் ஆகிய இரண்டும் சேரும்போதே அது நிறைவு பெறுகிறது.

தனி வீரரிலிருந்து குழுவிற்கு

விண்வெளிப் பயணத்தின் தொடக்கக் காலத்தில் குழு என்பதே இல்லை. 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் சோவியத் ஒன்றியத்தின் யூரி ககாரின், வஸ்தோக் 1 என்னும் கலத்தில் தனியொருவராகப் புவியை ஒருமுறை சுற்றி வந்தார். அப்பயணம் 108 நிமிடங்களில் நிறைவுற்றது. எடையற்ற நிலையில் மனித மனம் தெளிவாக இயங்குமா என்பது அன்று எவருக்கும் தெரியாது. எனவே கலத்தைக் கையால் இயக்கும் அமைப்பு பூட்டப்பட்டிருந்தது. அதனைத் திறப்பதற்குரிய குறியெண், மூடி ஒட்டப்பட்ட உறையொன்றில் வைக்கப்பட்டிருந்தது. தேவை நேர்ந்தால் மட்டுமே அவர் அவ்வுறையைப் பிரிக்கலாம்.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1959இல் தன் முதல் எழுவரைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் 40 வயதுக்குக் குறைந்தவர்களாகவும் 180 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரமுடையவர்களாகவும் இருத்தல் வேண்டும். பொறியியலிலோ அதற்கு இணையான துறையிலோ பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். புதிய விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் விமானிகளுக்கான பள்ளியில் பயின்று, 1,500 மணி நேரம் விமானம் ஓட்டியிருத்தல் வேண்டும். உயர வரம்பு விதிக்கப்பட்டதற்குக் காரணம் வீரம் பற்றிய கருத்து அன்று. மெர்க்குரிக் கலத்தின் உட்புறம் அத்துணைச் சிறியது.

பணியின் தன்மை மாறியபோது தகுதியும் மாறியது. 1963இல் விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்மணியான வாலண்டினா தெரஷ்கோவா விமானி அல்லர். அவர் நெசவாலையில் பணியாற்றியவர்; வான்குடையைக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பதில் தேர்ந்தவர். வஸ்தோக் கலத்தில் சென்றோர், தரையை நெருங்கும்போது கலத்திலிருந்து வெளியேறி வான்குடையின் உதவியால் தனியே இறங்க வேண்டியிருந்தது. ஆகவே அத்திறமை இன்றியமையாத தகுதியாயிற்று.

1972ஆம் ஆண்டு டிசம்பரில் அப்போலோ 17 பயணத்தில் ஹாரிசன் ஷ்மிட் என்னும் நிலவியல் அறிஞர் நிலவில் நடந்தார். அங்கே ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டு அதன் சிறப்பை உணர்ந்தது பாறைகளைப் பயின்ற அவருடைய கண்ணே ஆகும். எனினும் அறிவியலறிஞர் என்பதற்காக அவருக்குப் பயிற்சியில் விலக்கு அளிக்கப்படவில்லை. அவரும் ஜெட் விமானம் ஓட்டக் கற்ற பின்னரே பயணத்துக்கு உரியவரானார்.

1978இல் நாசா தேர்ந்தெடுத்த 35 பேரில் பெண்கள் அறுவர் இருந்தனர். விமானிகளோடு மருத்துவர்களும் பொறியாளர்களும் அறிவியலறிஞர்களும் அக்குழுவில் இடம்பெற்றனர். மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க விண்வெளி ஓடம் உருவானதே இதற்குக் காரணம். எழுவர் வரை அமரக்கூடிய அவ்வோடத்தில் எல்லாரும் விமானிகளாக இருக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று.

தெரியுமா?

அமெரிக்கர்கள் வழங்கும் 'அஸ்ட்ரோநாட்' என்னும் சொல்லுக்கு 'விண்மீன் மாலுமி' என்பது பொருள். ரஷ்யர்கள் வழங்கும் 'காஸ்மோநாட்' என்னும் சொல்லுக்கு 'அண்டவெளி மாலுமி' என்பது பொருள். இரண்டும் கிரேக்க வேர்களைக் கொண்டவை. இரண்டிலும் கடலோடியே இருக்கிறார். இந்தியாவில் விண்வெளி வீரரைக் 'ககன்யாத்ரி' என்று அழைக்கின்றனர். 'வானப் பயணி' என்பது அதன் பொருள்.

பணிப் பகிர்வு

விண்கலக் குழுவின் பொறுப்பு முழுவதும் தலைவரைச் சாரும். குழுவினரின் உயிர், கலத்தின் பாதுகாப்பு, பயணத்தின் நோக்கம் ஆகிய மூன்றையும் அவர் காக்க வேண்டும். தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு தொடர்பு அறுந்து, உடனே முடிவெடுக்க வேண்டிய சூழல் நேர்ந்தால் அம்முடிவு அவருடையதே. தலைவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் விமானி. கருவிகள் காட்டும் அளவுகளைக் கண்காணித்தல், கலத்தை இயக்குவதில் தலைவருக்குத் துணைநிற்றல், தலைவர் செயலற்ற நிலையில் அவர் பணியை ஏற்றல் ஆகியன அவருடைய கடமைகள். ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் தலைவர் நடு இருக்கையிலும், கலப்பொறியாளர் அவருக்கு இடப்புறத்திலும் அமர்கின்றனர்.

ஆய்வுகளை நடத்துதல், இயந்திரக் கையை இயக்குதல், கலத்துக்கு வெளியே சென்று பழுதுபார்த்தல் முதலியன பணிவல்லுநர்களின் கடமைகள். ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அத்தகைய பணிவல்லுநர். பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்ற அவர், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றார். 1997ஆம் ஆண்டுப் பயணத்தில் விண்வெளி ஓடத்தின் இயந்திரக் கையை இயக்கும் பொறுப்பை ஏற்றார். 2003ஆம் ஆண்டு கொலம்பியா ஓடத்தில் சென்ற எழுவருள் அவரும் ஒருவர். ஏறத்தாழ 80 ஆய்வுகளை முடிக்க வேண்டியிருந்ததால், அக்குழு இரு பிரிவாகப் பிரிந்து, ஒரு பிரிவு உறங்கும்போது மற்றொரு பிரிவு உழைத்து, இரவு பகல் இடைவிடாது பணியாற்றியது.

குழு என்பது கலத்தின் உள்ளே இருப்போரோடு முடிவதில்லை. தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தில் மின்னாற்றல், பாதை, உடல்நலம் எனத் துறைதோறும் வல்லுநர்கள் இரவும் பகலும் விழித்திருக்கின்றனர். அவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பமே மிஞ்சும். ஆகவே கலத்தோடு பேசும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவரும் ஒரு விண்வெளி வீரராக இருப்பதுண்டு. மேலே இருப்பவரின் நிலையை உணர்ந்து, சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்ல அவரால் இயலும்.

விண்வெளி நிலையத்தில் ஒரு நாள்

பன்னாட்டு விண்வெளி நிலையம் புவிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் விரைவில் சுற்றி வருகிறது. 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் அங்கு மனிதர்கள் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றனர். பொதுவாக எழுவர் அங்குத் தங்கியிருப்பர். ஒரு நாளில் 16 முறை கதிரவன் எழுவதையும் மறைவதையும் அவர்கள் காண்கின்றனர். எனவே கதிரவனைப் பார்த்து நேரத்தை அறிதல் இயலாது. உலகப் பொதுநேரத்தைப் பின்பற்றுகின்றனர். காலையில் தரை நிலையங்களோடு கலந்துரையாடிய பின்னரே அன்றைய பணி தொடங்குகிறது. யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும் என்னும் அட்டவணை ஒவ்வொருவருக்கும் உண்டு.

ஆய்வுகளே அவர்களின் முதன்மைப் பணி எனினும், அன்றாடப் பராமரிப்புக்கும் மிகுதியான நேரம் செலவாகிறது. காற்றைத் தூய்மைப்படுத்தும் கருவிகளையும் சிறுநீரைக் குடிநீராக மாற்றும் அமைப்பையும் பேண வேண்டும். வடிகட்டிகளைத் துடைக்க வேண்டும். கழிவறை பழுதுபட்டால் அதனையும் அவர்களே சீர்செய்ய வேண்டும். முனைவர் பட்டம் பெற்றவர், படைத்துறை அலுவலர், குழுத்தலைவர் என எவருக்கும் இப்பணிகளிலிருந்து விலக்கு இல்லை. அங்கே உயர்ந்த பணி, தாழ்ந்த பணி என்னும் வேறுபாடு பொருளற்றது. கழிவறைக் குழாயும் உயிர்காக்கும் அமைப்பின் ஓர் உறுப்பே.

எடையற்ற நிலையில் கால்களுக்கு உடலைத் தாங்கும் வேலை இல்லை. அதனால் தசைகள் மெலிகின்றன. உடலைத் தாங்கும் எலும்புகள் தக்க பயிற்சி இல்லையெனில் மாதந்தோறும் 1 முதல் 1.5 விழுக்காடு அடர்த்தியை இழக்கக்கூடும். எனவே ஒவ்வொருவரும் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர். இதுவும் கடமையே. உடல் தளர்ந்த ஒருவர், ஆபத்து நேரும்போது பிறருக்குச் சுமையாகிவிடுவார்.

தீ, காற்றுக் கசிவு, நச்சு வளிமம் ஆகிய மூன்றும் நிலையத்தில் பெரிதும் அஞ்சப்படும் இடர்கள். இவற்றுள் ஏதேனும் நேர்ந்தால் யார் எந்தக் கதவை மூட வேண்டும், எந்தக் கலத்தில் ஏறித் தப்ப வேண்டும் என்பன முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றை அவர்கள் மீண்டும் மீண்டும் ஒத்திகை பார்க்கின்றனர்.

மருத்துவர் அருகில் இல்லாத இடம்

குழுவில் எப்போதும் மருத்துவர் இருப்பார் என்று சொல்ல இயலாது. ஆகவே ஒவ்வொரு குழுவிலும் மருத்துவப் பொறுப்பாளர்களாகச் சிலர் பயிற்றுவிக்கப்படுகின்றனர். ஊசி செலுத்துதல், காயத்துக்குத் தையலிடுதல், பல்வலிக்கு முதலுதவி அளித்தல், நுண்ணொலிக் கருவியைக்கொண்டு உடலின் உட்பகுதியைப் பார்த்தல் முதலியவற்றை அவர்கள் கற்கின்றனர்.

விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த ஒருவருக்கு, ஆய்வுக்காகச் செய்யப்பட்ட நுண்ணொலிச் சோதனையின்போது, கழுத்து நாளத்தில் குருதி உறைந்திருப்பது தெரியவந்தது. அவர் வந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. தரையிலிருந்த மருத்துவர்கள் படங்களைப் பார்த்து வழிகாட்ட, இருப்பிலிருந்த மருந்தை அளவாகப் பயன்படுத்திச் சிகிச்சை தொடர்ந்தது. பின்னர்ச் சரக்குக் கலத்தின் வழியே மாத்திரைகள் அனுப்பப்பட்டன. அவர் தம் பணிக்காலத்தை முடித்துக்கொண்டு நலமாகத் திரும்பினார். இந்நிகழ்வு 2020இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானபோது, அந்நபரின் பெயர் குறிப்பிடப்படவில்லை. நாளத்தில் உறைந்த குருதியைக் கண்டறிய உதவியது, படம் எடுக்கும் முறையை முன்னரே கற்றிருந்த கை.

இன்றைய தகுதிகள்

நாசா இன்று கோரும் அடிப்படைத் தகுதிகள் வெளிப்படையானவை. விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருத்தல் வேண்டும். அறிவியல், பொறியியல், கணிதம், மருத்துவம் போன்ற துறையொன்றில் முதுநிலைப் பட்டமோ அதற்கு இணையான கல்வியோ பெற்றிருத்தல் வேண்டும். அத்துறையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பட்டறிவு அல்லது தலைமை விமானியாக 1,000 மணி நேரம் பறந்த பட்டறிவு வேண்டும். நீண்ட காலப் பயணத்துக்குரிய உடற்தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். வயதுக்கு உச்சவரம்பு இல்லை. கண்ணாடி அணிந்து சரிசெய்யத்தக்க பார்வைக்குறை தடையாவதில்லை.

இத்தகுதிகளை உடையோர் பல்லாயிரவர். 2017ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 18,300க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 12 பேரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஐரோப்பிய விண்வெளி முகமைக்கு வந்த விண்ணப்பங்கள் 22,500க்கும் மேல்; 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டோர் 17 பேர். அவர்களுள் ஒருவர் ஜான் மெக்ஃபால். 19ஆம் வயதில் விபத்தில் ஒரு காலை இழந்த அவர், மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் போட்டியில் பதக்கம் வென்றார்; பின்னர் அறுவை மருத்துவரானார். குறையற்ற உடலே விண்வெளிக்கு உரியது என்னும் பழைய எண்ணத்தை அத்தேர்வு கேள்விக்கு உள்ளாக்கியது.

சான்றிதழ்களில் ஏறத்தாழ ஒத்திருக்கும் ஆயிரக்கணக்கானோருள் சிலரைப் பிரித்துக் காட்டுவது எது? சிறிய அறையில் பிறருடன் பல மாதங்கள் இணங்கி வாழும் இயல்பு, தலைமை ஏற்கவும் பிறர் தலைமையின்கீழ் நடக்கவும் இயலும் மனப்பாங்கு, தவறு நேர்ந்தால் மறைக்காது உடனே கூறும் நேர்மை, பதற்றத்திலும் தெளிவாகச் சிந்திக்கும் பழக்கம் ஆகியவற்றையே தேர்வாளர்கள் நேர்காணல்களிலும் குழுப் பயிற்சிகளிலும் தேடுகின்றனர். மொழியறிவும் இன்றியமையாதது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் வழங்குகின்றன. ஆபத்தின்போது அருகில் இருப்பவரின் மொழி புரியாவிடில், கற்ற தொழில்நுட்பம் அனைத்தும் பயனற்றுப்போகும்.

பயிற்சி என்னும் பெருங்கடல்

தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே விண்ணுக்குச் செல்வதில்லை. அடிப்படைப் பயிற்சிக்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஹூஸ்டன் நகரில் 62 மீட்டர் நீளமும் 31 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் கொண்ட நீர்த்தொட்டி ஒன்று உள்ளது. விண்வெளி நிலையத்தின் பகுதிகள் முழு அளவு மாதிரிகளாக அதனுள் மூழ்கியிருக்கின்றன. மூழ்காமலும் மிதக்காமலும் நடுவே நிற்குமாறு எடை சரிசெய்யப்பட்ட உடையோடு, பல மணி நேரம் நீருக்குள் இருந்தபடி விண்நடையைப் பழகுகின்றனர். வளைந்து ஏறி இறங்கும் விமானத்தில், ஒவ்வொரு முறையும் 20 நொடிகளுக்குச் சற்று மிகுதியாக எடையற்ற நிலையை உணர்கின்றனர். சுழலும் பொறியில் அமர்ந்து, புவியீர்ப்பைப்போலப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கப் பழகுகின்றனர். ஐரோப்பிய முகமை தன் வீரர்களை இத்தாலியின் சார்டினியாத் தீவிலுள்ள குகைகளுக்கு அனுப்புகிறது. இருளிலும் குளிரிலும் நாள் கணக்கில் தங்கி ஆய்வு செய்யும்போது, மனிதர்களின் இயல்பு வெளிப்படுகிறது, ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர்.

பனிக்காட்டில் உயிர்வாழவும் பயிற்சி உண்டு. விண்வெளி வீரருக்குக் காட்டில் என்ன வேலை என்று தோன்றலாம். 1965ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், வஸ்கோத் 2 கலத்திலிருந்து வெளியேறி அலெக்ஸி லியோனோவ் உலகின் முதல் விண்நடையை நிகழ்த்தினார். வெற்றிடத்தில் அவருடைய உடை ஊதிப் பெருத்தது. உடையிலிருந்த காற்றைச் சிறிது வெளியேற்றிய பின்னரே அவரால் கலத்துக்குள் நுழைய முடிந்தது. புவிக்குத் திரும்பும்போது தானியங்கி அமைப்பு பழுதடைந்தது. தலைவர் பாவெல் பெல்யாயெவ் கலத்தைக் கையால் இயக்கினார். குறித்த இடத்துக்கு வெகுதொலைவில், யூரல் பகுதியின் பனி மூடிய காட்டில் அவர்கள் இறங்கினர். மீட்புக் குழுவோடு பனிச்சறுக்கி வெளியேறும்வரை இரண்டு இரவுகளைக் காட்டிலேயே கழித்தனர். விண்ணைக் கடந்து வந்தவர்களைக் குளிர் கொன்றுவிடாமல் காத்தது அவர்கள் பெற்றிருந்த பயிற்சியே.

சிறு குறியும் சொல்லப்பட வேண்டும்

2013ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் விண்நடையை முடித்துத் திரும்பிய இத்தாலிய வீரர் லூகா பார்மிட்டானோவின் தலைக்கவசத்தில் சிறிது நீர் காணப்பட்டது. குடிநீர்ப் பையில் ஏற்பட்ட கசிவு என்று அது கருதப்பட்டது. ஒரு வாரத்துக்குப் பின், ஜூலை 16ஆம் நாள், அதே உடையோடு அவர் மீண்டும் வெளியே சென்றார். இம்முறை நீர் தலையின் பின்புறத்திலிருந்து பெருகிக் கண்களையும் மூக்கையும் மூடியது. எடையற்ற நிலையில் நீர் கீழே வடியாது, முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பார்வை மறைந்த நிலையில், தம்மைக் கலத்தோடு இணைத்திருந்த பாதுகாப்புக் கம்பியின் இழுவிசையையும் வழியைப் பற்றிய நினைவையும் கொண்டு அவர் நுழைவாயிலை அடைந்தார். உடன் சென்ற கிறிஸ் காசிடி பின்தொடர்ந்து வந்து சேர்ந்தார். உள்ளே காத்திருந்த தோழர்கள் தலைக்கவசத்தை விரைந்து கழற்றினர். ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட நீர் உடைக்குள் கசிந்திருந்தது. உடையின் குளிரூட்டும் அமைப்பில் நேர்ந்த அடைப்பே காரணம் என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. முதல் நாளில் தோன்றிய நீரின் காரணத்தை முழுமையாக ஆராயாதது பெரும் பிழை என்று நாசாவின் ஆய்வறிக்கை ஏற்றுக்கொண்டது.

இதனினும் கொடிய பாடத்தைக் கொலம்பியா கற்பித்திருந்தது. 2003 ஜனவரி 16ஆம் நாள் அவ்வோடம் புறப்பட்டபோது, எரிபொருள் கொள்கலனிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் ஒன்று இடச் சிறகைத் தாக்கியது. தரையிலிருந்த பொறியாளர் சிலர் ஐயம் எழுப்பினர். அவர்களின் குரல் உரிய இடத்தை எட்டவில்லை. பிப்ரவரி 1ஆம் நாள் தரையிறங்குவதற்குச் சில நிமிடங்களே இருந்தபோது ஓடம் சிதைந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர். நுரைப்பொருளுக்கு இணையாக, ஐயங்களைத் தடையின்றிச் சொல்ல இடந்தராத நிறுவனப் பழக்கமும் விபத்துக்குக் காரணம் என்று ஆய்வுக் குழு கூறியது. சிறு ஐயத்தையும் சொல்லுதல் குழுவினரின் கடமை. அதனைச் செவிமடுத்தல் பொறுப்பில் உள்ளோரின் கடமை. இவற்றுள் ஒன்று தவறினாலும் விலையாவது உயிர்.

இந்தியாவின் குழு

1984ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், இந்திய விமானப் படையின் ராகேஷ் சர்மா, சோவியத் வீரர்கள் இருவருடன் சோயுஸ் டி-11 கலத்தில் சென்று சல்யூட் 7 விண்வெளி நிலையத்தில் தங்கினார். இந்திய நிலப்பரப்பைப் படமெடுத்தலும், எடையற்ற நிலையில் யோகப் பயிற்சியின் பயனை ஆராய்தலும் அவருடைய பணிகளுள் சில.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் ககன்யான் திட்டம், இந்தியர்களை இந்தியக் கலத்திலேயே அனுப்பும் நோக்கம் உடையது. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டன. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகியோரே அவர்கள். நால்வரும் விமானப் படையின் சோதனை விமானிகள். மாஸ்கோவை அடுத்துள்ள ககாரின் பயிற்சி மையத்திலும் பெங்களூருவிலும் அவர்கள் பயிற்சி பெற்றனர். புதிய கலத்தை முதன்முதலில் இயக்குவோர் சோதனை விமானிகளாக இருத்தல் இயல்பே; பயணங்கள் பெருகும்போது பிற துறையினருக்கும் வாயில் திறக்கும் என்பதை உலக வரலாறு காட்டுகிறது.

2025 ஜூன் 25ஆம் நாள் சுபான்ஷு சுக்லா, ஆக்சியம் 4 பயணத்தின் விமானியாகப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர் பெக்கி விட்சன் என்னும் பட்டறிவு மிக்க பெண்மணி. பச்சைப்பயறும் வெந்தயமும் விண்வெளியில் முளைவிடும் விதத்தை ஆராய்தல் சுக்லா மேற்கொண்ட இந்திய ஆய்வுகளுள் ஒன்று. ஜூலை 15ஆம் நாள் குழுவினர் நால்வரும் புவிக்குத் திரும்பினர்.

இப்பயணத்தில் சுக்லாவுக்கு மாற்று வீரராக நின்றவர் பிரசாந்த் நாயர். 1984இல் ராகேஷ் சர்மாவுக்கு மாற்றாக நின்றவர் ரவீஷ் மல்கோத்ரா. முதன்மை வீரர் கற்ற அனைத்தையும் மாற்று வீரரும் கற்கிறார். அவர் தாங்கிய கடுமை அனைத்தையும் தாங்குகிறார். ஏவும் நாள் வந்ததும் தரையில் நின்று வழியனுப்புகிறார். அவருடைய பெயரைப் பலர் அறியார். எனினும், எந்த நேரத்திலும் அவ்விருக்கையில் அமர அவர் அணியமாக நிற்கிறார் என்னும் உறுதியின் மீதே அப்பயணம் நடைபெறுகிறது. விண்கலக் குழுவின் தகுதிகளுள் அளவிடற்கரியது இந்த மனப்பாங்கு. அதனைப் பழகுவதற்கு ஏவுதளம் தேவையில்லை. நால்வர் கூடிச் செய்யும் வகுப்பறைப் பணி ஒன்றே போதும்.

கற்பவை கற்றபின்...

1. பணி மாறும்போது தகுதியும் மாறுகிறது என்பதை ககாரின், தெரஷ்கோவா, ஷ்மிட் ஆகியோரின் பயணங்களைச் சான்று காட்டி விளக்குக.

2. 'ஐயத்தைச் சொல்லுதலும் செவிமடுத்தலும் கடமையே' என்னும் கருத்தை இரு நிகழ்வுகளின் துணையோடு நிறுவுக.

3. உங்கள் வகுப்பில் எழுவர் கொண்ட விண்கலக் குழு ஒன்றை அமைத்து, ஒவ்வொருவருக்கும் உரிய பணியையும் அவர் செயலற்ற நிலையில் அப்பணியை ஏற்பவரையும் குறித்து அட்டவணை உருவாக்குக.